பத்தரை மணிக்கு மேல் பாட்டு: ஆம்பிளிஃபையருக்கு ஒரு ஸ்டெப்டு அட்டெனுவேட்டர்

இரவு பத்தரை மணி. பிள்ளைகள் தூங்கியாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் படுக்கையறை. ஆம்பிளிஃபையரின் குமிழைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்கு நகர்த்துகிறேன். அதற்கு மேல் இந்த நேரத்துக்கு ஆகாது. பாடகியின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லை, இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டது. வலப்பக்கத்துத் தம்புராவைக் காணோம். குமிழை ஒன்பதரைக்குத் திருப்பினால் குரல் தானாக நடுவுக்கு வந்துவிடுகிறது. பகலில் இதே ஆம்ப், இதே ஸ்பீக்கர், ஒரு குறையும் சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் இருந்துகொண்டு பாட்டுக் கேட்கிற பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். காரணம் தெரியாமல் ஸ்பீக்கரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். கோளாறு பெரும்பாலும் ஸ்பீக்கரில் இல்லை, வால்யூம் கன்ட்ரோலில் இருக்கிறது. அதற்கு நல்ல மாற்று ஸ்டெப்டு அட்டெனுவேட்டர். வழுக்கிக்கொண்டு திரும்பாமல், 'டக் டக்' என்று படிக்குப் படி நின்று திரும்பும் வால்யூம் அது. அது என்ன, எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பொருத்துவது என்பதை, சோல்டரிங் அயர்னை ஓரிரு முறையாவது கையில் பிடித்தவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வால்யூம் குமிழ் சத்தத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கத்தான் செய்கிறது. ஒரு சிடி பிளேயர் முழு அளவில் சுமார் 2 வோல்ட் சிக்னலை அனுப்புகிறது. ஆம்பிளிஃபையர் அதை எப்போதும் ஒரே மடங்கில்தான் பெருக்கும். அந்த 2 வோல்ட்டில் எவ்வளவை உள்ளே விடுவது என்பதைத்தான் குமிழ் தீர்மானிக்கிறது. தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில் நிறைந்து கிடக்கிறது, குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பதே கேள்வி. முழுதாகத் திறந்த நிலையை 0 டெசிபெல் என்கிறோம். அதிலிருந்து கீழே இறங்க இறங்க மைனஸ் கணக்கு. சிக்னல் பாதியானால் மைனஸ் 6. பத்தில் ஒரு பங்கானால் மைனஸ் 20. நூற்றில் ஒரு பங்கானால் மைனஸ் 40. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாம் புரியும். காதுக்கு 1 டெசிபெல் மாற்றம் கவனித்துக் கேட்டால் தெரியும். 10 டெசிபெல் குறைந்தால் சத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டதுபோல் தோன்றும்.

சாதாரண வால்யூம் கன்ட்ரோலுக்குள் குதிரை லாட வடிவில் ஒரு கார்பன் பூச்சு இருக்கும். அதன் மேல் ஓர் உலோகக் கை உரசிக்கொண்டு நகரும். ஸ்டீரியோவுக்கு இரண்டு பூச்சு, இரண்டு கை, இரண்டையும் திருப்ப ஒரே ஷாஃப்ட். இந்த இரண்டு பூச்சும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கவேண்டும். தொழிற்சாலையில் அது எளிதான வேலை இல்லை. மேல்பகுதியில் இதனால் பாதகம் வராது. கீழ்ப்பகுதியில்தான் வம்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தத் தடை 10 கிலோ ஓம் (10,000 ஓம்) உள்ள வால்யூமில், மைனஸ் 6 டெசிபெல்லில் கைக்குக் கீழே, அதாவது கைக்கும் பூச்சின் கீழ் முனைக்கும் இடையே, 5,000 ஓம் இருக்கும். அங்கே இடதுக்கும் வலதுக்கும் 25 ஓம் வேறுபட்டாலும் ஒரு டெசிபெல்லில் இருபதில் ஒரு பங்குகூட வராது, யாருக்கும் தெரியாது. மைனஸ் 40-இல் கைக்குக் கீழே இருப்பதே 100 ஓம்தான். அங்கே அதே 25 ஓம் குறைந்தால் ஒரு பக்கம் இரண்டரை டெசிபெல் இறங்கிவிடும். குரல் ஒரு பக்கம் சாய அது தாராளமாகப் போதும். நள்ளிரவில் நாம் குடியிருப்பது இந்த 100 ஓம் பேட்டையில்.

ஸ்டெப்டு அட்டெனுவேட்டரில் கார்பன் பூச்சு கிடையாது. ஒரு ரோட்டரி சுவிட்ச், அதன் ஒவ்வொரு நிலையிலும் அளந்து வைத்த ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்), அவ்வளவுதான். 1 சதவீதத் துல்லியமுள்ள மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைப் போட்டாலே, மிக மோசமான பொருத்தத்திலும் இடது வலது வித்தியாசம் ஏறக்குறைய 0.35 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும். அதுவும் மிகக் கீழ்ப் படியில்கூட அதற்கு மேல் போகாது. இரவுக் கேட்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பழையது கரகரத்தால் மட்டும் மாற்ற ஓடாதீர்கள். தூசியால் வரும் கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து இருபது முப்பது தடவை திருப்பினால் பல நேரம் சரியாகிவிடும். கரகரப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் அளப்பது

புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்கள் காது எந்தப் படியில் வாழ்கிறது? இதற்கு விடை தெரியாமல் வாங்கினால் எவ்வளவு விலை கொடுத்தாலும் ஏமாற்றம்தான். 24 நிலைகள் உள்ள சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். படிக்கு 2 டெசிபெல் என்றால் மேலிருந்து கீழ்வரை மொத்தம் மைனஸ் 46. உங்கள் இரவு அளவு மைனஸ் 44 என்றால், அத்தனை படிகளில் நீங்கள் பயன்படுத்தப் போவது கடைசி இரண்டு மூன்றுதான். ஒரு படி சத்தம் அதிகம், அடுத்த படி குறைவு என்று இரண்டுக்கும் நடுவே அல்லாடுவீர்கள். மேலே உள்ள பதினைந்து படிகளும் அடுத்த வீட்டுக்காரருக்காகவே இருக்கும்.

ஆகவே முதலில் அளந்துவிடுங்கள். வழக்கமாகக் கேட்கும் நேரத்தில், வழக்கமான பாட்டைப் போட்டு, குமிழ் நிற்கும் இடத்தைச் சின்னத் துண்டு டேப் ஒட்டிக் குறியுங்கள். பகலுக்கு ஒரு குறி, இரவுக்கு ஒரு குறி. பிறகு ஆம்பை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பின்னால் மாட்டியிருக்கும் எல்லா வயர்களையும் கழற்றி, பெரிய கெபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் இறங்க நேரம் கொடுத்துவிட்டு மூடியைத் திறங்கள். வால்வ் ஆம்ப் என்றால் அணைத்த பின்னும் கெபாசிட்டர்களில் 300, 400 வோல்ட் உட்கார்ந்திருக்கும். மீட்டரால் பார்த்து இறங்கிவிட்டது என்று உறுதி செய்யாமல் கையை உள்ளே விடவே கூடாது. அதில் பழக்கம் இல்லையென்றால் பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்யூமில் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கால்கள். ஷாஃப்ட் உங்களைப் பார்த்தும் கால்கள் கீழ்நோக்கியும் இருந்தால், வழக்கமாக இடது கால் கிரவுண்ட் (சிக்னலின் பூஜ்ஜியப் பக்கம்), நடுக்கால் வெளியே போவது, வலது கால் உள்ளே வருவது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு ஓரக் கால்களுக்கு இடையே அளந்தால் மொத்த மதிப்பு. நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் அளந்தால் உங்கள் இரவு மதிப்பு. என் பழைய ஜப்பானிய ஆம்பில், இரவுக் குறியில், மொத்தம் 50 கிலோ ஓம், இடது நடுக்கால் 500 ஓம், வலது நடுக்கால் 380 ஓம். 50,000-இல் 500 என்றால் நூற்றில் ஒன்று, மைனஸ் 40. வலது அதைவிட இன்னும் 2.4 டெசிபெல் கீழே. பல மாதமாகத் தம்புராவைத் தேடியதற்குக் காரணம் மேசையில் இரண்டு எண்ணாகக் கிடந்தது.

பகல் குறியிலும் அளந்துகொள்ளுங்கள். எனக்கு அது மைனஸ் 26 வந்தது. ஆக, என் காது வாழ்வது மைனஸ் 44-க்கும் மைனஸ் 24-க்கும் இடையில். அந்த இருபது டெசிபெல்லில் படிகள் நெருக்கமாக இருந்தால் போதும். மேலே படிகள் அகலமாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

கடையில் கிடைப்பவற்றில் படிகளின் பங்கீடு முன்பே முடிவாகியிருக்கும். பெரும்பாலானவற்றில் கீழே 3, 4 டெசிபெல் அகலப் படிகள், மேலே 1, 2 டெசிபெல் நெருக்கப் படிகள். வீவக வாழ்க்கைக்கு இது தலைகீழ். இதைச் சமாளிக்க ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. 10 கிலோ ஓம் அட்டெனுவேட்டருக்கு முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக 30 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். 40-இல் 10, கால் பங்குதான் உள்ளே போகும், அதாவது 12 டெசிபெல் நிரந்தரமாகக் குறைந்துவிடும். இப்போது மைனஸ் 40-க்கு நீங்கள் நிறுத்த வேண்டிய இடம் மைனஸ் 28. குமிழ் நடுப்பகுதிக்கு ஏறிவரும், நெருக்கமான படிகள் கைக்குக் கிடைக்கும். சில காசு விலையுள்ள இரண்டு ரெசிஸ்டர்கள் செய்கிற இந்த வேலையை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் அலுக்காது. சத்தம் போதவில்லை என்ற நாளில் கழற்றிவிடலாம்.

உள்ளே எத்தனை வகை

எளிமையானது தொடர் வகை. 24 ரெசிஸ்டர்கள் சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும், சுவிட்ச் அந்தச் சங்கிலியில் எங்கே தொடுகிறதோ அங்கிருந்து சிக்னல் வெளியே போகும். சாதாரண வால்யூமின் அதே தத்துவம்தான், பூச்சுக்குப் பதில் ரெசிஸ்டர். கணக்கும் சுலபம். மொத்தம் 10 கிலோ ஓம், படிக்கு 2 டெசிபெல் என்றால், மைனஸ் 2-இல் தொடும் இடத்துக்குக் கீழே 7,943 ஓம் வேண்டும், மைனஸ் 4-இல் 6,310, மைனஸ் 6-இல் 5,012. ஆக மேலிருந்து முதல் ரெசிஸ்டர் 2,057, அடுத்தது 1,633, அதற்கடுத்தது 1,298. கடையில் இருக்கும் 2 கிலோ, 1.6 கிலோ, 1.3 கிலோவைப் போட்டாலும் காது வித்தியாசம் சொல்லாது. இடதுக்கும் வலதுக்கும் ஒரே மதிப்பாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஒரு பையில் வாங்கிய ரெசிஸ்டர்களை மீட்டரில் அளந்து ஜோடி சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

ஏணி வகையில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக இரண்டு ரெசிஸ்டர்கள். எந்தப் படியில் நின்றாலும் சிக்னல் சந்திப்பது அந்த இரண்டை மட்டுமே. சுவிட்சும் ரெசிஸ்டரும் இரட்டிப்பாகும், விலையும் அப்படியே. ஏணியே உயர்வு என்று சொல்பவர்கள் உண்டு. நான் இரண்டையும் வைத்துக் கேட்டிருக்கிறேன், என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. முதன்முறை செய்பவர் தொடர் வகையை வாங்குவதே சரி.

மூன்றாவது ஷன்ட் வகை. சிக்னல் பாதையில் ஒரே ஒரு நிலையான ரெசிஸ்டர், கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரை மட்டும் சுவிட்ச் மாற்றிக்கொண்டிருக்கும். "பாதையில் ஒரே ரெசிஸ்டர், அதனால் தூய்மை" என்று இதற்குப் பெயர். இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கிரவுண்டுக்குப் போகும் அந்தத் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போனாலும் சிக்னல் முழுதாக ஆம்புக்குள் பாய்ந்துவிடும். தொடர் வகையில் தொடர்பு விட்டால் சத்தம் நின்றுபோகும், இதில் வீடே அதிரும். நான் முதன்முதலில் செய்தது ஷன்ட் வகை. கையிலிருந்த ஒரு சுவிட்சைப் போட்டேன். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது அது முதல் தொடர்பை விட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும் ஜாதி. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு ட்வீட்டர் (மேல்ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) போயிற்று.

இதனால்தான் சுவிட்ச் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ஷார்ட்டிங்கா, நான்-ஷார்ட்டிங்கா என்பது. ஷார்ட்டிங் என்றால் அடுத்த தொடர்பைத் தொட்ட பிறகே முந்தியதை விடும். ஒலிக்கு எப்போதும் அதுதான் வேண்டும். நான்-ஷார்ட்டிங் சுவிட்ச் தொடர் வகையிலும் படி மாறும்போதெல்லாம் 'டப்' என்று ஒலிக்கும். வாங்கிய சுவிட்சை மீட்டரில் மாட்டி, மிக மெதுவாகத் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு படிகளுக்கு நடுவே குமிழ் தொங்கி நிற்கும் இடத்தில், நடுக்கால் எதனோடும் சேராமல் போகிறதா, இரண்டு பக்கத்தோடும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரிலே, அதாவது மின்சாரத்தால் மாறும் சுவிட்ச், வைத்த வகையும் இருக்கிறது. ஆறு ரிலேக்கள் 1, 2, 4, 8, 16, 32 டெசிபெல் என்று ஆளுக்கொரு பங்கைக் குறைக்கும். அவற்றைச் சேர்த்துச் சேர்த்து 0 முதல் 63 வரை ஒவ்வொரு டெசிபெல்லாக 64 படிகள் கிடைக்கும். ரிமோட்டும் வைக்கலாம். இரவுக் கேட்பவருக்குக் கணக்குப்படி இதுவே மிகப் பொருத்தம். ஆனால் தனி மின்சாரம் வேண்டும், பெட்டிக்குள் இடம் வேண்டும். 31-லிருந்து 32-க்குப் போகும்போது ஆறு ரிலேக்களும் ஒரே நேரத்தில் மாறுவதால், நன்றாக வடிவமைக்காத போர்டுகளில் அந்த இடத்தில் ஒரு சின்னச் சொடக்கு கேட்கும். முதல் வேலையாக இதை நான் சொல்லமாட்டேன்.

எத்தனை கிலோ ஓம்?

பழைய வால்யூமில் என்ன மதிப்பு எழுதியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். பாதிப் பேருக்கு இந்த ஒரு வரி போதும். மாற்ற நினைப்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

மதிப்பு அதிகமானால் மேல்ஸ்தாயி மங்கும். வால்யூமிலிருந்து வெளியே போகும் பாதையின் தடை, மைனஸ் 6 டெசிபெல்லில் உச்சமாகி மொத்தத்தில் கால் பங்காகும். 100 கிலோ ஓம் என்றால் 25 கிலோ ஓம். அதற்குப் பின்னால் வயரும் ஆம்பின் உள்வாசலுமாக 300 பிக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் இருந்தால், 21 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் சரிந்துவிடும். காதுக்கு எட்டும் எல்லைக்குள்ளேயே மங்கல் தொடங்கிவிட்டது என்று பொருள். 10 கிலோ ஓமில் அந்தச் சரிவு 210 கிலோஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போய்விடும். அப்படியென்றால் குறைந்த மதிப்பே நல்லதா? ஆம்புக்கு முன்னால் வரும் வால்வ் ப்ரீஆம்பைப் பொறுத்தவரை இல்லை. அதன் வெளிவாசலில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்து, நீங்கள் 10 கிலோ ஓம் மாட்டினால், 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் கரையத் தொடங்கும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். 100 கிலோ ஓம் என்றால் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸ். அதனால்தான் வால்வ் கருவிகளில் 50, 100 கிலோ ஓமும், டிரான்சிஸ்டர் கருவிகளில் 10, 20 கிலோ ஓமும் வழக்கமாயின. சிக்னல் வரும் கருவியின் வெளித்தடையைப்போல் அட்டெனுவேட்டர் பத்து மடங்காவது இருக்கட்டும்.

மாட்டவே முடியாத ஆம்புகளும் உண்டு. குமிழ் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகிறது என்றால் உள்ளே இருப்பது வால்யூமே அல்ல, வேலையைச் செய்வது ஒரு சிப். அதைத் தொடாதீர்கள். ரிமோட்டில் குமிழ் தானாகத் திரும்புமானால் வால்யூமோடு ஒரு மோட்டார் இருக்கிறது, மாற்றினால் ரிமோட் போய்விடும். பழைய ஜப்பானிய ஆம்புகள் சிலவற்றில் ஒரு பக்கத்துக்கு மூன்றுக்குப் பதில் நான்கு கால்கள் இருக்கும். அந்த நான்காவது கால், மெதுவான சத்தத்தில் பேஸைத் தூக்கிக் காட்டும் லவுட்னஸ் பட்டனுக்கானது. ஸ்டெப்டு போட்டால் அது வேலை செய்யாது. இரவில் மெதுவாகக் கேட்பவருக்கு லவுட்னஸ் உண்மையிலேயே பயனுள்ளது, அதனால் அப்படிப்பட்ட ஆம்பில் பழைய வால்யூமைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வதே மேல் என்பேன்.

எங்கே வாங்குவது

சுங்கே ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடப்பட்டது. அப்பாவின் காலத்தில் பழைய ஆம்பும் உதிரி பாகமும் அங்கே தரையில் விரித்துக் கிடக்கும். இப்போது உதிரிக்கு ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவர்தான் என் முதல் இடம். ரெசிஸ்டர், வயர், ஷாஃப்ட் நீட்டிப்பு எல்லாம் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். கோல்மன் ஸ்திரீட்டில் அடெல்ஃபி கட்டடத்து ஹைஃபை கடைகளில் நல்ல அட்டெனுவேட்டர் உள்ள ஆம்பைத் திருப்பிப் பார்த்தால், படி என்றால் கைக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். முழு அட்டெனுவேட்டரை இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். அமெரிக்காவின் கோல்ட்பாயின்ட், போலந்தின் கொஸ்மோ போன்றவை தயாராகவே விற்கின்றன. சுவிட்சை மட்டும் வாங்கி நீங்களே கோக்க நினைத்தால் சுவிட்சர்லாந்தின் எல்மா நெடுநாள் பெயர் பெற்றது. படியே வேண்டாம், ஒழுங்கான சாதாரண வால்யூம் போதும் என்பவர்களுக்கு ஜப்பானின் ஆல்ப்ஸ் நீல வால்யூம் இருக்கிறது. அதற்குப் போலிகள் நிறைய, வந்ததும் கீழ்ப்பகுதியை மீட்டரில் அளந்துவிடுங்கள்.

நம் ஊர்க் காற்றில் ஈரம் சராசரியாக 80 சதவீதத்துக்கும் மேல். வெள்ளி முலாம் பூசிய தொடர்புகள் காலப்போக்கில் கறுக்கும், தங்க முலாம் கறுக்காது. பணம் எங்காவது கூடுதலாகப் போக வேண்டுமென்றால் ரெசிஸ்டரின் பிராண்டில் போடாமல் இதில் போடுங்கள்.

பொருத்துவது

பழையதைக் கழற்றுமுன் கைபேசியில் நாலு கோணத்தில் படம் எடுத்துவிடுங்கள். எந்த வயர் எந்தக் காலுக்கு என்று ஒவ்வொரு வயரிலும் சின்னச் சீட்டு ஒட்டுங்கள். பிறகு பெட்டியின் அளவைப் பாருங்கள். ஸ்டெப்டு அட்டெனுவேட்டர் பழையதைவிடப் பருமனாகவும் நீளமாகவும் இருக்கும், முன் பலகைக்குப் பின்னால் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும். ஷாஃப்ட் 6 மில்லிமீட்டரா, கால் அங்குலம் என்கிற 6.35-ஆ என்பதும் அப்படியே. 6.35 ஷாஃப்ட் 6 மில்லிமீட்டர் குமிழுக்குள் போகாது. ஷாஃப்டை அறுக்க வேண்டியிருந்தால், வைஸில் பிடிப்பது வெட்டி எறியப்போகும் நுனியை, சுவிட்சின் உடலை அல்ல. உடலை பிளாஸ்டிக் பையில் கட்டி டேப் சுற்றுங்கள், உலோகத் தூள் ஒரு துளி உள்ளே போனாலும் இரண்டு படிகளை ஒட்டிவிடும்.

சுவிட்சின் முகப்பில் ஒரு சிறு முளை நீட்டிக்கொண்டிருக்கும். நிறையப் பேர் அது இடைஞ்சல் என்று உடைத்துவிடுகிறார்கள். உடைக்காதீர்கள், பலகையின் பின்புறம் அதற்கு ஒரு சிறு துளை போடுங்கள். ஒவ்வொரு படியும் கையைத் தடுக்கும் விசையோடு திரும்புவதால், முளை இல்லாவிட்டால் நட்டு எவ்வளவு இறுகியிருந்தாலும் நாளடைவில் சுவிட்ச் முழுதுமே சுழன்று வயர்களை இழுத்துப் பிய்த்துவிடும்.

வயர்களைக் கூடியவரை குட்டையாக வையுங்கள். கவசமுள்ள வயர் என்றால் கவசத்தை ஒரு முனையில் மட்டும் கிரவுண்டில் சேருங்கள். இடது கிரவுண்டும் வலது கிரவுண்டும் பழையதில் தனித்தனியாக வந்திருந்தால் தனித்தனியாகவே விடுங்கள், இங்கே ஒன்றாகக் கட்டினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தேடிவந்து சேரும். சுவிட்சின் உலோக உடல் பெட்டியோடு தொட்டிருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பலகை என்றால் நட்டுக்கடியில் கொஞ்சம் சுரண்டிவிடுங்கள். குமிழைக் கையால் தொட்டதும் ரீங்காரம் கூடினால் அந்தத் தொடர்பு இல்லை என்று பொருள். சோல்டர் செய்யும்போது இரண்டு மூன்று விநாடிக்கு மேல் ஒரு காலைச் சுடாதீர்கள். ஃப்ளக்ஸ் சுவிட்சுக்குள் வழிந்துவிடாதபடி கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும்.

மின்சாரம் கொடுக்குமுன் மீட்டரோடு ஒரு சுற்று. 24 நிலைகளிலும் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்று தாளில் எழுதுங்கள். கீழிருந்து மேலே எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். எங்காவது ஒரு படியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லையென்றால் அங்கே சோல்டர் சரியில்லை. பத்து நிமிட வேலைதான். நான் இதை ஒருபோதும் தவிர்ப்பதில்லை. பிறகு குமிழைக் கீழ்ப்படியில் வைத்து, போனால் போகட்டும் என்கிற பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, மின்சாரம் கொடுங்கள்.

பாட்டு எதுவும் ஓடாதபோது ஒவ்வொரு படியாகத் திருப்பிப் பாருங்கள். படிக்குப் படி 'தொப் தொப்' என்று ஸ்பீக்கர் காகிதம் அசைகிறதா? அப்படியென்றால் குற்றம் அட்டெனுவேட்டரில் இல்லை. அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள ஒரு கெபாசிட்டர் பழுதாகி, ஓட்டக்கூடாத டிசி மின்சாரத்தை வால்யூம் வழியே ஓட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் சொல்வதாகச் சொன்ன கரகரப்பின் இரண்டாவது காரணம் இதுதான். பழைய வால்யூமில் அது கரகரவென்று கேட்டது, புதியதில் தொப்பென்று கேட்கிறது. அந்தக் கெபாசிட்டரை மாற்றினால்தான் தீரும். சில மில்லிவோல்ட் இருக்கும்போதே பிடித்துவிடுங்கள், கால்களில் மீட்டரை டிசி அளவில் வைத்தால் தெரியும்.

எல்லாம் சரியென்றால் நல்ல ஸ்பீக்கரை மாட்டி, ஒரு பழைய மோனோ பதிவைப் போடுங்கள். இடதிலும் வலதிலும் ஒரே சிக்னல் என்பதால் குரல் நடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். கீழிருந்து முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவது படி. என் வீட்டில் இரவு அளவு இப்போது கீழிருந்து ஏழாவது படி, 30 கிலோ ஓம் ரெசிஸ்டரின் புண்ணியத்தில். குரல் அங்கேயும் அசையாமல் நடுவில் நிற்கிறது. வலப்பக்கத்துத் தம்புரா வந்துவிட்டது.

மாதம் ஒரு முறை ஆம்பை அணைத்துவிட்டு, குமிழை மேலிருந்து கீழ்வரை பத்துப் பதினைந்து தடவை திருப்பிவிடுகிறேன். தொடர்புகளில் படியும் மெல்லிய கறை உரசலில் போய்விடும், தினமும் ஒரே ஏழாவது படியில் நிற்கும் சுவிட்சுக்கு இது அவசியம். குமிழின் பக்கவாட்டுத் திருகையும் அப்போதே இறுக்கிவிடுங்கள், படிப் படியான அதிர்வில் முதலில் தளர்வது அதுதான்.